குடிசை வேறு, மண்வீடு வேறு, கொட்டாய் வேறு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களின் பழைய படங்கள் இப்போது கைப்பேசிகளில் நிறையச் சுற்றுகின்றன. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நீண்டு கிடக்கும் லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, ஒரு படத்தில். நாலு கால் நட்டு ஓலை போட்ட மாட்டுக் கொட்டாய் இன்னொன்றில். அத்தாப்பு என்னும் தைத்த ஓலை வேய்ந்த தனி வீடு மற்றொன்றில். மூன்றுக்கும் கீழே ஒரே சொல்லை எழுதிவிடுகிறார்கள்: குடிசை. சிலர் இன்னும் ஒரு படி போய் 'மண் குடிசை' என்கிறார்கள். படத்தில் உள்ள சுவரிலோ ஒரு கைப்பிடி மண்கூட இருக்காது.

இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட மனம் வரவில்லை. தங்குமிடத்துக்குத் தமிழில் இத்தனை சொல் இருப்பது அலங்காரத்துக்காக அன்று. சுவர் உண்டா, அது எதனால் ஆனது, எத்தனை நாளைக்கு நிற்கவேண்டும், உள்ளே இருப்பது ஆளா, மாடா, சாமியா என்று கட்டுகிறவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொரு சொல்லும் பதில் சொல்கிறது. சொல் கலைந்தால் கட்டும் முறையும் கூடவே மறந்துபோகிறது.

குடிசையிலிருந்து தொடங்கலாம். இதன் வேர் குடி. குடும்பம், குலம், ஓரிடத்தில் தங்கி வாழ்கிறவர் என்றெல்லாம் அதற்குப் பொருள். குடித்தனம், குடியானவர், குடியிருப்பு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. ஆகவே குடிசை என்றால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கவேண்டும்: ஓர் அடுப்பு, படுக்க இடம், இரவில் சாத்த ஒரு படல். அளவில் சிறியது, கூரை தாழ்ந்தது. சுவர் எதனால் ஆனது என்று இந்தச் சொல் சொல்வதே இல்லை. ஓலைத் தட்டி, மூங்கில் பாய், பலகை, மண் எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் 'ஓலைக் குடிசை', 'மண் குடிசை' என்று முன்னால் ஓர் அடை சேர்க்க வேண்டியிருக்கிறது.

குடிலும் அதே வேர்தான், அளவும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் குடில் முனிவரிடம் போய்ச் சேர்ந்தது, கிறிஸ்துமஸ் காலத்தில் இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்துக்குப் பெயரானது, இப்போது சுற்றுலா விடுதிகளின் பெயர்ப்பலகையில் ஏறியிருக்கிறது. குடிசையில் வறுமையின் வாடை, குடிலில் அமைதியின் மணம். கட்டடம் ஒன்றாகவே இருந்தாலும் சொல்லின் மதிப்பு இப்படி இரண்டாகப் பிரிந்துவிட்டது. இவற்றுக்கும் பழைய சொல் குரம்பை. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவரான எயினர் வீட்டை 'ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை' என்று ஓர் அடி காட்டுகிறது. ஈச்ச இலை விறைப்பானது, நுனி கூர்மையானது. அதைக் கூரையில் அடுக்கினால் முள்ளம்பன்றியின் முதுகு போலச் சிலிர்த்து நிற்கும். கூரை வேய்ந்த கைக்குத்தான் அந்த உவமை உடனே விளங்கும்.

மண்வீடு வேறு வகைப் பெயர். அது சுவரைச் சொல்கிறது, அளவையோ வசதியையோ சொல்வதில்லை. திண்ணையும் முற்றமும் நாலுபக்கத் தாழ்வாரமும் ஓட்டுக்கூரையுமாக இரண்டு தலைமுறைக் குடும்பம் தாராளமாகப் புழங்கும் மண்சுவர் வீடுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. அவற்றைக் குடிசை என்றால் வீட்டுக்காரர் வருத்தப்படுவார், அது நியாயமும்கூட. நம் வழக்கத்தில் வீட்டின் செலவான பாகம் எதுவோ அதுதான் வீட்டுக்குப் பெயராகிறது. ஓடு போட்டால் ஓட்டுவீடு, காரை பூசினால் காரைவீடு, மாடி எடுத்தால் மாடிவீடு. வேறு எதையும் சொல்ல வாய்ப்பில்லாதபோதுதான் மண்வீடு என்ற பெயர் நிலைக்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லோடு ஏழ்மை ஒட்டிக்கொண்டது. மண்சுவர் ஏழைச் சுவர் என்பதற்கு அது சான்றாகாது.

மண்சுவரிலும் மூன்று வகை உண்டு. ஒன்றுக்குச் சொல்லும் பக்குவம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

முதலாவது, படை வைத்து எழுப்பும் சுவர். மண்ணை முதல் நாள் இரவே நீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலை ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிப் போட்டு, காலால் மிதித்துக் குழைப்பார்கள். இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு மறுபடி மிதித்தால் பசை கூடும். அந்த மண்ணை உருண்டை உருண்டையாக எடுத்து அறைந்து, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை வைப்பார்கள். அது இறுகிய பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரத்தை ஏற்றினால் கீழ்ப்படை வயிறு தள்ளும். சுவரின் தடிப்பு ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை. கூரையின் பாரத்தை இந்தச் சுவரே தாங்கும்.

இரண்டாவது, பச்சைக்கல் சுவர். அச்சில் அறுத்து, சூளை வைக்காமல் வெயிலில் மட்டும் காயவைத்த செங்கல். மூன்று நாள் கழித்துக் கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, மொத்தம் மூன்று நாலு வாரம் காயவிடவேண்டும். சுவர் எழும்பும் முன்பே கல் சுருங்கி முடிந்துவிடுவதால் வெடிப்பு குறையும். கட்டுவதற்கும் அதே மண்ணைக் குழைத்த சாந்துதான். சிமெண்டுச் சாந்து வைத்தால் கல் தேய்ந்து சாந்து மட்டும் கூடுபோல நிற்கும்.

மூன்றாவது, வரிச்சுச் சுவர். இங்கே மண் வெறும் சதை. எலும்பு மரமும் மூங்கிலும். இரண்டு மூன்று அடிக்கு ஒரு கால் நட்டு, கால்களுக்குக் குறுக்கே நாலைந்து அங்குல இடைவெளியில் மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, உள்ளும் புறமும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் மண்ணை அறைவார்கள். அப்போதுதான் இரு பக்கத்து மண்ணும் நடுவில் கை கோக்கும். ஒருவர் மட்டும் ஒரு பக்கமாக அறைந்தால் காய்ந்தபின் தகடு தகடாகக் கழன்று விழும். தடிப்பு நாலைந்து அங்குலம் போதும். கூரையைக் கால்கள் தாங்கிக்கொள்ளும். மூங்கில் மூன்று ஆண்டு முற்றியதாக இருக்கவேண்டும். வெட்டியதும் இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து, உளுப்பது குறையும்.

மண்ணின் அளவில் இந்த வகைகளுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். உள்ளே 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2 மீட்டர் உள்ள ஓர் அறை. 45 சென்டிமீட்டர் தடிப்பில் படைச்சுவர் என்றால், கதவு சன்னலைக் கழிக்காமல், 12 கன மீட்டருக்கு மேல் மண் வேண்டும். எடை 20 டன்னைத் தாண்டும். அதே அறைக்கு 10 சென்டிமீட்டர் வரிச்சுச் சுவர் என்றால் இரண்டரை கன மீட்டர் போதும். பொங்கலுக்குப் பள்ளியிலோ கோயில் திடலிலோ 'பாரம்பரிய மண்வீடு' ஒன்று கட்டிக் காட்ட நினைப்பவர்கள், எந்தச் சுவர் என்று தீர்மானிக்காமல் லோரிக்குச் சொல்லிவிடக் கூடாது. ஒரு டன் லோரி இருபது நடைக்கு மேல் அடிக்க வேண்டிவரும்.

மண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைக்கவேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி கடைசியாக, ஒரு நாள்கூட எடுத்துக்கொண்டு, மேலே ஏடாக நிற்கும். களி மொத்தத்தில் 15 முதல் 25 விழுக்காடு இருந்தால் படைச்சுவருக்கு நல்லது. இங்கே சாலை வெட்டும்போது குன்றிலிருந்து சரியும் செம்மண்ணில் களி மிகுதி. 40 விழுக்காடு களி இருந்தால் அதே அளவு மணலைச் சேர்த்தால் 20க்கு இறங்கிவிடும். மணலுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற மணல்மேடுகளே இருக்கின்றன. வைக்கோல் வேண்டுமானால் பாரிட் புந்தார் பக்கத்து வயல்களுக்குச் சொல்லிவிடவேண்டும். கிடைக்காவிட்டால் காய்ந்த லாலாங் புல்லை நறுக்கிப் போடலாம். பிறகு ஓர் உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து தரையில் விட்டுப் பார்க்கவேண்டும். தூளாகச் சிதறினால் மணல் அதிகம். வெடிப்பே இல்லாமல் அப்பளமாகத் தட்டையானால் களியோ நீரோ அதிகம். சற்றே தட்டையாகி ஓரத்தில் ஒன்றிரண்டு கீறல் விட்டால் பதம் சரி.

இவ்வளவு தெரிந்த மக்கள் மலாயாவுக்கு வந்தபோது ஏன் மண்சுவர் வைக்கவில்லை? முதல் காரணம் மழை. தமிழ்நாட்டில் ஆண்டு மழை சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். பங்குனி, சித்திரையில் வைத்த படை ஒரு வாரத்தில் இறுகும். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர், அதுவும் ஆண்டு முழுதும் பிற்பகல் மழையாகப் பரவிப் பெய்கிறது. படை காய்வதற்கு நீண்ட வறண்ட பருவமே இல்லை. காற்றிலும் ஈரம். இரண்டாவது காரணம், வீட்டைக் கட்டியது தொழிலாளி இல்லை, தோட்ட நிர்வாகம். அதற்குப் பலகையும் அத்தாப்பும், பின்னர் தகரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மலாய்க்காரர்களின் கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளும் மண்ணை விட்டு விலகி, கால்மேல் உயர்ந்து நின்றன. வெள்ளம், ஈரம், கறையான் மூன்றுக்கும் அதுவே விடை.

ஆனாலும் மண் முழுதாகப் போய்விடவில்லை. சுவரை விட்டுத் தரைக்கும் அடுப்புக்கும் இறங்கியது. மண்தரையைச் சாணியால் மெழுகுவதும் மண்ணடுப்புப் போடுவதும் தோட்டங்களில் வெகுகாலம் இருந்தன. 'மண்வீடு' என்ற சொல் மட்டும் பொருளில்லாமல் மிதந்து, கடைசியில் 'ஏழை வீடு' என்பதன் மறுபெயராகிவிட்டது. இந்தச் சரிவுதான் வருத்தம் தருகிறது.

இங்கே மண்சுவர் நிற்கவே நிற்காது என்று சொல்லவில்லை. தலைக்குக் குடையும் காலுக்குச் செருப்பும் இருந்தால் நிற்கும். செருப்பு என்றால் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது கல் கட்டிய அடித்தளம். அது இல்லாவிட்டால் நிலத்து ஈரம் சுவரில் ஏறும். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்து, சுவரின் அடியை எலி கடித்ததுபோல் அரிக்கும். கறையான் மண்குழாய் கட்டி ஏறினாலும் கல்லின் மேல் பளிச்சென்று கண்ணில் படும், உடனே உடைத்துவிடலாம். குடை என்றால் இறவாணம், அதாவது கூரையின் கீழ்விளிம்பு, சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீண்டிருக்கவேண்டும். மேல்பூச்சுக்குச் சலித்த மண் மூன்று பங்கு, சாணி ஒரு பங்கு, ஆண்டுக்கு ஒருமுறை. சிமெண்டு பூசினால் கெட்டியாகும் என்று நம்பிப் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். சிமெண்டு வெடித்த இடத்தில் நீர் உள்ளே போகும், வெளியே வர வழியிராது. உள்ளே மண் குழம்பாகி, ஒரு நாள் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும்.

மண்சுவருக்கு வரும் சாவு பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. கூரை போனால் சுவர் தலையில் மழை நேராக இறங்கும், உயரம் ஆண்டுக்கு ஆண்டு குறையும். அப்படிக் கரைந்து இடுப்புயரத்தில் நிற்பதுதான் குட்டிச்சுவர். 'குட்டிச்சுவராய்ப் போனான்' என்ற ஏச்சு எங்கிருந்து வந்தது என்று பலகை வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பில்லை. சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

இனிக் கொட்டகை. பேச்சில் கொட்டாய். தோட்டத்துத் தமிழில் இதைவிட உழைத்த சொல் வேறில்லை. கொட்டகையும் கொட்டிலும் மாட்டோடு பழகிய சொற்கள்: மாட்டுக் கொட்டகை, மாட்டுக் கொட்டில். கொட்டில் பெரும்பாலும் மாட்டோடும் வண்டியோடும் நின்றுவிட்டது. கொட்டகை ஊர் சுற்றப் போயிற்று. படம் காட்டினால் படக்கொட்டகை. ரப்பர்ப் பால் நிறுத்தால் பால் கொட்டாய். பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் ஆயாக் கொட்டாய். கொட்டகைக்கு அடையாளம் இரண்டு. கூரைதான் முக்கியம், சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. குடி இருக்காது, வேலை மட்டும் நடக்கும். ஆகவே ஆயாக் கொட்டாயில் பிள்ளைகள் பகலெல்லாம் தூங்கினாலும் அது வீடாகாது, குடிசையும் ஆகாது. தொழிலாளர் வீட்டுவசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தைப் பற்றியும் பேசுகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் அதைக் 'குழந்தைக் காப்பகம்' என்பார்கள். பொருள் சரிதான். ஆனால் ஏணைகள் வரிசையாகத் தொங்கிய அந்த நீளக் கூரை, ஆயாக் கொட்டாய் என்றால்தான் கண்முன் வரும்.

சாய்ப்பு இதற்குத் தம்பி. தனியாக நிற்காது. இருக்கிற சுவரில் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் இரண்டு கால் ஊன்றும். லயத்து வீடுகளின் பின்னால் குடும்பங்கள் தாமே இறக்கிக்கொண்ட சமையல்கட்டும் விறகடுக்கும் இடமும் பெரும்பாலும் சாய்ப்புகள். ஒழுகுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: சாய்ப்பின் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டில். சாய்ப்பின் மேல்விளிம்பை வீட்டு இறவாணத்துக்குக் கீழே ஓரடியாவது உள்ளே தள்ளிச் செருகவேண்டும். சுவரில் ஒட்டி நிறுத்தினால், எத்தனை தார் பூசினாலும் ஒழுகும்.

பந்தல் நாள் குறித்துப் பிறப்பது. கல்யாணமோ கருமாதியோ முடிந்தால் பிரிக்கவேண்டும். கால் உண்டு, கூரை உண்டு, சுவர் கிடையாது. புடலங்கொடி ஏறுவதும் பந்தல்தான், பருவம் முடிந்ததும் அதையும் பிரித்துவிடுவார்கள். இப்போது வாடகைக்கு வரும் இரும்புக் கால் துணிக்கூரையைக் 'கேனோப்பி' என்கிறோம். அதன் காலில் வாழைமரத்தைக் கட்டித் தோரணம் தொங்கவிட்டதும் பெரியவர்கள் வாயில் பந்தல் என்று வந்துவிடுகிறது. தைப்பூசத்துத் தண்ணீர்ப் பந்தலும் இப்படித்தான். இரும்பும் விளக்கும் ஒலிபெருக்கியுமாக மாறினாலும் பெயர் மாறவில்லை, மாறவும் வேண்டாம். அந்தச் சொல்லின் உயிர் தற்காலிகத்தில் இருக்கிறது, ஓலையில் இல்லை. பெண் பெரியவளானதும் தாய்மாமன் பச்சை ஓலையில் கட்டும் குச்சும் இந்த இனம்தான். ஆனால் அதற்கு மறைப்பு உண்டு, ஆயுள் இன்னும் குறைவு. சாவடி இவற்றுக்கு நேரெதிர். அது ஊருக்குப் பொதுவாக நிலைத்து நிற்பது. சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி எல்லாம் அந்தப் பொதுத்தன்மையைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

லயத்துக்கு வருவோம். லயமும் குதிரை கட்டும் லாயமும் ஒன்று என்று அடிக்கடி எழுதுகிறார்கள். மக்களை மிருகம்போல் அடைத்தார்கள் என்ற கோபம் அந்த விளக்கத்தில் இருக்கிறது. கோபம் நியாயமானது, விளக்கம் பிழை. வரிசை என்ற பொருளில் வந்த லைன் என்ற ஆங்கிலச் சொல் லயனாகி, தமிழ் வாய்க்கேற்ப லயமானது. லாயம் தனிச் சொல். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் இடைச்சுவர் மட்டும் பங்கிட்டுக்கொண்ட வீடுகளின் வரிசை. ஆகவே லயத்தில் ஒரு வீட்டைக் காட்டி 'இது லயம்' என்பதும் தவறு. அது லயத்து வீடு. இடைச்சுவர் பல இடங்களில் கூரைவரை எட்டாது, பேச்சும் புகையும் மேலால் கடந்து போகும். வேலை போனால் வீடும் போகும். 1966இல் வந்த வீட்டுத் தரச் சட்டம் கட்டடத்தைப் பற்றிப் பேசியது, உடைமை அப்போதும் தொழிலாளிக்கு வரவில்லை. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று தோட்டத்து மக்கள் சொல்லும்போது அந்தப் பழமொழியில் கூடுதல் பாரம் ஏறிவிடுகிறது.

வளை என்றதும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மண்ணால் கட்டுவதும் மண்ணைக் குடைவதும் தமிழில் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. எலியும் நண்டும் மண்ணைத் தோண்டி வெளியே தள்ளுகின்றன, அது வளை. கறையான் மண்ணைக் கொண்டுவந்து அடுக்குகிறது, அது புற்று. மரத்தில் இருந்தால் பொந்து. பாறையில் இருந்தால் முழை அல்லது குகை. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் கோயில் கொண்டிருப்பவை அவை. மனிதருக்கு நிலவறை, பதுங்குகுழி என்ற சொற்கள் உண்டு, ஆனால் குடும்பம் நடத்தும் குடைவுவீட்டுக்கு அன்றாடத் தமிழில் ஒரு சொல் இல்லை. தேவைப்படவில்லை. நாம் புற்றின் கட்சி.

அத்தாப்பைப் பற்றியும் ஒரு திருத்தம். மலாயில் அத்தாப் என்றால் கூரை, எந்தக் கூரையானாலும். நம் வாயில் அது ஓலைக்கூரையாகச் சுருங்கிவிட்டது. நீப்பா என்ற பனைவகையின் இலைகளைக் குச்சியின்மேல் மடித்து, பிரம்பு நாரால் தைத்த பட்டைகள் அவை. தென்னங்கீற்று முடைவது, அத்தாப்பு தைப்பது. கீற்று இரண்டு மூன்று ஆண்டில் மாற்றவேண்டிவரும், அத்தாப்பு அதைவிடத் தாங்கும். பட்டைக்குப் பட்டை மூன்று நாலு அங்குலம் விட்டு நெருக்கமாக அடுக்கவேண்டும், கூரையின் சரிவு 45 பாகைக்குக் குறையக்கூடாது. சரிவு குறைந்தால் தண்ணீர் தயங்கும், தயங்கிய இடத்தில் அழுகும். கீழே விறகடுப்பு எரிந்த வீடுகளில் ஓலை நீண்டநாள் இருந்தது, புகை பூச்சியை அண்டவிடாது. அடுப்பு எரிவாயுவுக்கு மாறிய பிறகு அதே ஓலை சீக்கிரம் உதிர்கிறது. கண்காட்சிக்கென்று கட்டி ஆளில்லாமல் விடும் அத்தாப்பு வீடுகள் விரைவில் பாழாவதற்கும் இது ஒரு காரணம்.

ஆகவே பழைய படத்துக்குப் பெயர் எழுதும் முன் பெரியவர்களிடம் நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: கூரை என்ன, சுவர் என்ன, தரை என்ன, யார் இருந்தார்கள். 'அங்க என்ன இருந்திச்சி தாத்தா?' என்று பொதுவாகக் கேட்டால் 'குடிசைதாம்மா' என்று முடித்துவிடுவார்கள். 'சுவத்துல என்ன அடிச்சிருந்தாங்க?' என்று கேட்டால்தான் பலகை வரும், தகரம் வரும், வரிச்சும் வரும்.

தோட்டத்துக் கோயில்களைக் கேட்டால் எல்லாச் சொல்லும் ஒரே இடத்தில் கிடைக்கும். மரத்தடியில் ஒரு கல், திருவிழாவுக்கு ஒரு பந்தல், பிறகு பிரிக்காமல் விட்ட அத்தாப்புக் கொட்டாய், பிறகு தகரம், பிறகு சிமெண்டுக் கோபுரம். பக்கத்தில் மண்டபம் எழும்பி, பலகையில் 'திருமண மண்டபம்' என்று எழுதியபிறகும் அன்னதானத்தன்று உள்ளேயிருந்து குரல் வரும்: 'வாங்க, கொட்டாயில எல போட்டாச்சு.'